கிராய்ட்ஸ்பெர்க்கில் ஓர் இரவு: பெர்லினுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

படிக்கவோ வேலைக்கோ பெர்லின் வந்து இறங்கியவர்கள் வீடு தேடி, முகவரியைப் பதிவு செய்து, வங்கிக் கணக்கு திறந்து, கொஞ்சம் மூச்சு விட்டதும் கேட்கும் கேள்வி: "ராத்திரி எங்கே போகலாம்?" யாரிடம் கேட்டாலும் கிராய்ட்ஸ்பெர்க் என்ற பெயர் வரும். சரி என்று வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்குக் கொட்புஸ்ஸர் டோர் நிலையத்தில் இறங்கினால் காலடியில் உடைந்த பாட்டில், தலைக்கு மேல் இரும்புப் பாலத்தில் தடதடக்கும் ரயில், தூணுக்குத் தூண் தள்ளாடும் ஆட்கள். "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று அடுத்த ரயிலிலேயே திரும்பியவர்கள் உண்டு.

அவர்கள் தொடங்கிய இடம் சரியில்லை, அவ்வளவுதான். இந்தப் பகுதியைக் கிளப் வாசலில் தொடங்கக் கூடாது. சாயங்காலம் சந்தையில் தொடங்கி, நடந்து, சாப்பிட்டு, ஏதாவது ஒரு நிகழ்ச்சி பார்த்து, அதற்கப்புறமும் தெம்பிருந்தால் கிளப்புக்குப் போகலாம். போகாவிட்டாலும் இரவு வீணாகாது. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தபோது கிராய்ட்ஸ்பெர்க்கின் கிழக்குப் பாதி மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்த மூலையாகிவிட்டது. நகரின் நடுவில் இருந்த இடம் ஒரே நாளில் ஊர்க்கோடியானது. பணம் போட யாரும் வரவில்லை, வாடகை சரிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மேற்கு ஜெர்மனி துருக்கியுடன் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது. ஆலை வேலைக்கு வந்த துருக்கியர்களுக்கு வீடு கிடைத்தது இந்த மாதிரி மூலைகளில்தான். மேற்கு பெர்லினில் குடியிருந்தால் கட்டாய ராணுவச் சேவை கிடையாது என்பதால் ஜெர்மன் இளைஞர்களும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பாழடைந்து கிடந்த கட்டடங்களில் பூட்டை உடைத்துக் குடியேறினார்கள். துருக்கிக் குடும்பம், பங்க் இசைக்காரர், ஓவியர், ஓய்வூதியம் வாங்கும் ஜெர்மன் பாட்டி எல்லோரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கினார்கள். இன்றைய இரவு வாழ்க்கை அந்தப் படிக்கட்டிலிருந்து வந்ததுதான். எந்தச் சுற்றுலாத் துறையும் திட்டம் போட்டு உருவாக்கியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மதுக்கடைகளை இத்தனை மணிக்கு மூட வேண்டும் என்ற கட்டுப்பாட்டை மேற்கு பெர்லின் 1949-லேயே தூக்கிவிட்டது. ஜெர்மனியின் மற்ற ஊர்களில் நாற்காலியைக் கவிழ்த்து வைக்கும் நேரத்தில் இங்கே அடுத்த சுற்று தொடங்கும்.

கிராய்ட்ஸ்பெர்க்கை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது உள்ளூர் வழக்கம். பழைய அஞ்சல் எண்களின்படி கிழக்கே 36, மேற்கே 61. "36 எரிகிறது, 61 தூங்குகிறது" என்பார்கள். அந்த எண்கள் 1993-இல் போய்விட்டன, குணம் போகவில்லை. கொட்புஸ்ஸர் டோர், ஒரானியன்ஸ்ட்ராசே, ஷ்லெசிஷெஸ் டோர் எல்லாம் 36. மேரிங்டாம், பெர்க்மன்ஸ்ட்ராசே பக்கம் 61. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் 61-க்குக் கூட்டிப் போங்கள். யார்க்ஸ்ட்ராசேயில் யார்க்‌ஷ்லோஸ்ஷென் என்ற பழைய ஜாஸ் மதுக்கூடம் இருக்கிறது, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பாட்டுக் கேட்கலாம். இனி நான் சொல்வது பெரும்பாலும் 36-ஐப் பற்றி.

நாளைத் தேர்ந்தெடுப்பது

முதல் தடவைக்கு வெள்ளிக்கிழமையைச் சொல்வேன். இரண்டு காரணம். மைபாக்ஊஃபர் கால்வாய்க் கரையில் துருக்கிச் சந்தை செவ்வாயும் வெள்ளியும் கூடும். அதோடு, வெள்ளி, சனி இரவுகளில் ஊபான் என்ற மெட்ரோ ரயில் விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் ஒரு மணி வாக்கில் நின்றுவிடும். அப்புறம் இரவுப் பேருந்துதான்: யூ1 பாதைக்கு என்1, யூ8 பாதைக்கு என்8.

சாப்பாட்டுக்காகவே போகிறீர்கள் என்றால் வியாழன். ஐசன்பான்ஸ்ட்ராசேயில் 1891-இல் கட்டிய மார்க்ட்ஹாலே நொய்ன் என்ற அங்காடிக் கூடத்தில் மாலை 5 முதல் 10 வரை தெருவுணவுக் கடைகள் போடுவார்கள். கொஞ்சம் விலை அதிகம், கூட்டமும் அதிகம். ஒரு தடவை பார்க்கலாம்.

சந்தையும் நடையும்

சந்தை ஆறரைக்கு முடியும். ஐந்தரைக்குப் போய்ச் சேருங்கள். கடை கட்டும் நேரத்தில்தான் குரல் ஏறும்: "ஐன் ஒய்ரோ, ஐன் ஒய்ரோ!" ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் நிறையத் தக்காளி, அடுத்த கிண்ணத்தில் மிளகாய், எல்லாம் ஒரு யூரோவுக்குத் தள்ளுவார்கள். வெண்டைக்காய் கிடைக்கும். சூப்பர் மார்க்கெட்டில் நாலு தண்டு வைத்துத் தொட்டியோடு விற்கும் கொத்தமல்லி இங்கே நம் ஊர் மாதிரி முழுக் கட்டாகக் கிடைக்கும். துணிப்பை கொண்டுபோங்கள். கொத்தமல்லிக் கட்டோடு மதுக்கூடத்துக்குள் நுழைந்தால் கிராய்ட்ஸ்பெர்க்கில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சந்தையிலிருந்து கொட்புஸ்ஸர் டாம் சாலையைக் கடந்து, அதே கரையில் மேற்கே நடந்தால் அட்மிரல் பாலம். கோடையில் அதன் கல் பரப்பில் ஆட்கள் தரையோடு உட்கார்ந்திருப்பார்கள். கையில் பீட்சா அட்டை, பக்கத்தில் பீர், யாரோ ஒருவரிடம் கிடார். பீரை மதுக்கூடத்தில் வாங்க வேண்டியதில்லை. ஷ்பேட்டி என்று அழைக்கும் இரவுக் கடைகள் மூலைக்கு மூலை உண்டு. தெருவில் குடித்துக்கொண்டு நடப்பது இங்கே சட்டப்படி குற்றமில்லை, யாரும் ஒரு மாதிரி பார்ப்பதும் இல்லை. குடிக்காதவர்கள் க்ளப் மாட்டே என்ற மாட்டே இலைப் பானத்தையோ ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல் ஷோர்லேயையோ வாங்கலாம். ஏன் குடிக்கவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. நம் ஊர் நண்பர் கூட்டத்தைவிட இதில் நாகரிகம் அதிகம்.

பத்து மணிக்கு மேல் பாலத்தில் சத்தம் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம் என்பது நகரச் சட்டம். பாலத்தைச் சுற்றி மேலே எல்லாம் வீடுகள். போலீஸ் வந்து எழுப்பிவிடுவதும் உண்டு.

ஒரு சின்ன வழக்கம், முதல் நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள். காலிப் பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடாதீர்கள். கண்ணாடி பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், டின்னுக்கும் பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. அதைச் சேர்த்துப் பிழைப்பவர்கள் இரவெல்லாம் சுற்றி வருவார்கள். தொட்டிக்கு வெளியே, பக்கத்தில் நிற்க வைத்துவிட்டுப் போனால் அவர்கள் குப்பைக்குள் கைவிட வேண்டியிருக்காது.

பாலத்தைக் கடந்து அட்மிரல்ஸ்ட்ராசே வழியாக வடக்கே நடந்தால் கொட்புஸ்ஸர் டோர். "கொட்டி" என்றால்தான் இங்கே புரியும். சாலையின் குறுக்கே வளைந்து நிற்கும் பெரிய கான்கிரீட் குடியிருப்பு 1970-களில் கட்டியது. தெருவுக்கு மேலே பாலம் போல் ஓடும் அதன் மாடியில் 2023-இல் ஒரு காவல் நிலையம் திறந்தார்கள். அது வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கொட்டியில் பயப்படத் தேவையில்லை, விழிப்பு தேவை. சிரித்துக்கொண்டே வந்து தோளில் கைபோட்டு, காலைப் பின்னி, நடனம் ஆடுகிற மாதிரி நெருங்குகிறவர் உங்கள் நண்பரல்ல. அந்த ஆட்டம் முடியும்போது உங்கள் போன் போயிருக்கும். போனை முன் பாக்கெட்டில் வையுங்கள். கஞ்சா வேண்டுமா என்று கேட்பவரிடம் தலையை ஆட்டிவிட்டு நடங்கள். 2024 ஏப்ரலிலிருந்து வயது வந்தவர் 25 கிராம் வரை வைத்திருப்பது குற்றமில்லை, ஆனால் தெருவில் விற்பது குற்றம்தான். விசாவில் இருக்கும் நமக்கு இந்த வம்பு எதற்கு? பக்கத்திலேயே இருக்கும் கோர்லிட்சர் பூங்காவை இருட்டிய பிறகு குறுக்கு வழியாகப் பயன்படுத்தாதீர்கள்.

கொட்டியைத் தாண்டி ஆடல்பெர்ட்ஸ்ட்ராசேயில் 95ஏ எண்ணில் இந்தப் பகுதியின் அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டணம் இல்லை. மாலையில் மூடிவிடும், அதனால் சந்தைக்கு முன்பே ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நல்லது. மேலே நான் சொன்ன கதையெல்லாம் அங்கே படங்களோடு இருக்கும்.

அடுத்த குறுக்குத் தெரு ஒரானியன்ஸ்ட்ராசே. இதுதான் இரவின் முதுகெலும்பு. வலப்பக்கம் திரும்பினால் ரியோ ரைசர் சதுக்கம். 2022 வரை ஹைன்ரிஷ் சதுக்கம், பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். 1970-களில் வீடு பிடிப்புப் போராட்டங்களோடு சேர்ந்து பாடிய ராக் பாடகரின் பெயரை ஒரு சதுக்கத்துக்கு வைக்கிற ஊர் இது.

சாப்பாடு

டோனர் கபாப் பெர்லினின் தேசிய உணவு. அதை முதலில் ரொட்டிக்குள் மடித்துக் கொடுத்தது யார் என்பதில் 1970-களின் தொடக்கத்தைச் சொல்லி ஒன்றுக்கு மேற்பட்டோர் உரிமை கோரியிருக்கிறார்கள். விலை இப்போது 7 யூரோ சுமார். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குங்கள்: "கால்ப்" என்றால் கன்றிறைச்சி, "ஹென்ஷென்" என்றால் கோழி. சுழலும் இரண்டு கம்பிகளையும் பார்த்தாலே தெரியும், கோழி வெளுத்திருக்கும். கரிவூர்ஸ்ட் பெரும்பாலும் பன்றி. பெயரில் கறி இருக்கிறதே என்று ஆசையாகப் போகாதீர்கள், தக்காளிச் சாறு மேல் மசாலாத் தூள் தூவுவதோடு நம் உறவு முடிந்துவிடும்.

சைவர்களுக்கு என் சிபாரிசு துருக்கி உணவகங்களின் மெர்ஜிமெக் சூப். மசூர் பருப்பை வேகவைத்துக் கடைந்து, மேலே மிளகாய் வெண்ணெய் ஊற்றி, எலுமிச்சைத் துண்டோடு ரொட்டி வைத்துத் தருவார்கள். இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜனவரி மாதக் குளிரில் இரவு இரண்டு மணிக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. சில கடைகள் அந்த நேரத்திலும் திறந்திருக்கும். ரமலான் மாதத்தில் போனால் நோன்பு திறக்கும் நேரத்தில் அடுமனை வாசல்களில் பீடே ரொட்டிக்கு வரிசை நிற்கும். நீங்களும் நில்லுங்கள்.

மேரிங்டாமில் ஒரு காய்கறி கபாப் வண்டிக்கு முன்னால் சுற்றுலாப் பயணிகள் மணிக்கணக்கில் நிற்பார்கள். என்னைக் கேட்டால் அந்த நேரத்தில் வேறு கடையில் சாப்பிட்டு ஒரு படமே பார்த்துவிடலாம்.

மதுக்கூடத்தில் எப்படி நடந்துகொள்வது

ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் அட்டை ஓடாது. கூட்டமுள்ள இடங்களில் கவுண்டரில் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுத்து வாங்க வேண்டும். மேசைக்கு வந்து கேட்கும் இடங்களில் கடைசியில் "சேர்த்தா, தனித்தனியா?" என்பார்கள். தனித்தனி என்பதில் வெட்கமே இல்லை. நண்பருக்கும் சேர்த்துக் கொடுத்தே தீருவேன் என்று பில்லைப் பிடுங்கும் நம் பழக்கம் இங்கே ஜெர்மானியர்களைக் கலவரப்படுத்தும். டிப்ஸ் மேசையில் விட்டுப் போவதில்லை. 9 யூரோ 20 சென்ட் என்றால் பத்து யூரோவைக் கொடுத்து "ஷ்டிம்ட் சோ" என்றால் மீதி வேண்டாம் என்று பொருள்.

சமைத்த உணவு விற்காத சின்ன மதுக்கூடங்களில் புகைபிடிக்க அனுமதி உண்டு, 18 வயதுக்குக் கீழே உள்ளே விட மாட்டார்கள். வெளியே வரும்போது குளிர்கோட்டு வரை நாறும். ஆகவே நல்ல கோட்டை வீட்டில் விட்டுவிடுங்கள்.

கொட்டிக்குப் பின்புறம் ம்யோபல் ஓல்ஃபே என்று ஒரு மதுக்கூடம். முன்பு அந்த இடத்தில் இருந்த மரச்சாமான் கடையின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். தன்பால் ஈர்ப்பாளர்களின் கூடுமிடமாகப் பெயர் பெற்றது, ஆனால் எல்லாரும் வருவார்கள். இந்தப் பகுதியில் இரண்டு ஆண்கள் கைகோத்துப் போவது சாதாரணக் காட்சி. பார்க்காத மாதிரி பாவனை செய்யத் தேவையில்லை, உற்றுப் பார்க்காமல் இருந்தால் போதும்.

மேடைக்குப் போங்கள்

புதிதாக வருகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். கிளப் என்ற ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் நடப்பதைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

ஒரானியன்ஸ்ட்ராசே 190-இல் எஸ்.ஓ.36. அந்தப் பழைய அஞ்சல் எண்ணையே பெயராக வைத்துக்கொண்டு 1978-இல் தொடங்கிய இடம், பெர்லின் பங்க் இசையின் தொட்டில்களில் ஒன்று. வெளியே சுவரொட்டி அப்பிய கதவு, உள்ளே நீளமான இருட்டுக் கூடம். கத்தும் இசை பிடிக்காதவர் என்றாலும் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். அதே கூடத்தில் இரவுப் பழம்பொருள் சந்தை நடத்துவார்கள், சக்கரச் செருப்பு மாட்டி ஆடும் டிஸ்கோ நடத்துவார்கள், அக்கம்பக்கத்தார் வந்து பிங்கோ ஆடுவார்கள். கேஹானே என்ற இரவு 1990-களிலிருந்து நடக்கிறது. துருக்கி, அரபு, பால்கன் பாட்டுகளுக்குத் தன்பால் ஈர்ப்பாளர்களும் திருநர்களும் அவர்களுடைய நண்பர்களும் ஆடுவார்கள். டெக்னோ இசையின் ஒற்றைத் தாளம் ஏறாத நம் காதுக்கு அந்தத் தவுல் மேளம், சுர்னாக் குழலெல்லாம் உடனே ஏறும். தனியாகப் போனாலும் ஆடாமல் வர முடியாது.

அடுத்த தெருவில் பால்ஹவுஸ் நவுனின்ஸ்ட்ராசே. குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் கதையைத் தாங்களே மேடையேற்றும் நாடக அரங்கமாக 2008-இல் புதிதாகத் தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்த ஷெர்மின் லாங்ஹோஃப் பிறகு பெர்லினின் அரசு அரங்குகளில் ஒன்றான கோர்க்கியின் தலைமைக்குப் போனார். ஜெர்மன் தெரியாதவர்கள் ஆங்கில மேலெழுத்து ஓடும் நாளைப் பார்த்துச் சீட்டு எடுங்கள். படம் பார்க்க வேண்டுமா? கொட்புஸ்ஸர் டாமில் 1907-இலிருந்து இயங்கும் மூவிமென்டோ, ஜெர்மனியின் மிகப் பழைய திரையரங்குகளில் ஒன்று. கோடையில் மரியானன் சதுக்கத்தில், பழைய பெதானியன் மருத்துவமனை முற்றத்தில் திறந்தவெளித் திரையரங்கு. போர்வை எடுத்துப் போங்கள், ஜூலை என்றாலும் பத்து மணிக்கு மேல் குளிரும்.

கிளப் வாசல்

பெர்லினின் டெக்னோ பண்பாட்டை 2024-இல் ஜெர்மனியின் தொட்டுணர முடியாத மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே ஆண்டின் கடைசி இரவோடு, ஷ்ப்ரே நதிக்கரையில் 22 ஆண்டுகள் இருந்த வாட்டர்கேட் கிளப் மூடப்பட்டது. ஏறும் வாடகை, ஏறும் செலவு. பட்டியலில் சேர்ப்பது வேறு, வாடகை கட்டுவது வேறு. ஆகவே பழைய வழிகாட்டிகளை நம்பாதீர்கள், கிளம்பும் முன் அந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் கிளப்புக்கு நான் சொல்வது ஓபென்ட்ராவுட்ஸ்ட்ராசேயில் உள்ள க்ரெட்ஷென். 19-ஆம் நூற்றாண்டில் பிரஷ்யப் படையின் குதிரை லாயமாக இருந்த கட்டடம், வளைந்த கூரையும் மெல்லிய தூண்களும் அப்படியே இருக்கின்றன. டெக்னோவோடு நிற்காமல் ஜாஸ், ஆப்பிரிக்க இசை என்று பலதும் நடக்கும். முன்கூட்டியே சீட்டு எடுத்துப் போகும் கச்சேரிகள் இருப்பதால் வாசலில் பதைபதைக்க வேண்டாம்.

சீட்டு இல்லாமல் வரிசையில் நின்று நுழையும் இடங்களில் சில நடைமுறை. நள்ளிரவுக்கு முன் போகாதீர்கள், இரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும். பாஸ்போர்ட் அல்லது வசிப்பிட அட்டை அசலாக வேண்டும், போனில் உள்ள படத்தை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். இன்று யார் இசைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள், வாசலில் கேட்பதுண்டு. சட்டையை இஸ்திரி போட்டு, பளபளக்கும் ஷூ மாட்டி, கல்யாண வரவேற்புக்குப் போகிற மாதிரி போகாதீர்கள். கறுப்பு டி-ஷர்ட், நடக்கத் தோதான ஷூ. வரிசையில் சத்தமாகப் பேச வேண்டாம், குடித்துத் தள்ளாட வேண்டாம். ஆறேழு ஆண்களாகப் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள், இரண்டு பேர் மூன்று பேராகப் பிரிந்து நில்லுங்கள்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பும் வாசல்களும் உண்டு. 2006-லிருந்து அது சட்டப்படி தவறு, நீதிமன்றம் போய் வென்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாசல்காரர் காரணம் சொல்வதில்லை, அங்கே நின்று வாதாடிப் பயனும் இல்லை. நேரத்தையும் சாட்சியையும் குறித்துக்கொண்டு, பாகுபாட்டுப் புகார்களுக்கான ஆலோசனை மையத்தை மறுநாள் அணுகுங்கள். அந்த இரவை அவருக்காகக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரானியன்ஸ்ட்ராசே பக்கத்தில்தான் இருக்கிறது.

உள்ளே பல இடங்களில் போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். படம் எடுத்தால் வெளியே அனுப்புவார்கள், விளையாட்டில்லை. ஆட்களை அணுகும்போதும் இதே கண்டிப்பு: ஒரு தடவை வேண்டாம் என்றால் முடிந்தது. தொல்லை கொடுத்தால் பார்த்துக்கொள்ளவென்றே சில கிளப்புகளில் ஆட்கள் இருப்பார்கள். பெண்கள் நுழையும்போதே அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

திரும்பி வருவது

சீட்டை இயந்திரத்தில் முத்திரை குத்திவிட்டு ஏறுங்கள். விடிகாலையிலும் சாதாரண உடையில் பரிசோதகர்கள் வருவார்கள், அபராதம் 60 யூரோ. சைக்கிள் என்றால் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும், குடித்திருந்தால் உருட்டிக்கொண்டே போங்கள். அவசரத்துக்கு 112, போலீசுக்கு 110.

இன்னும் தூக்கம் வரவில்லை என்றால் ஷ்லெசிஷெஸ் டோர் பக்கம் மே அயிம் கரையில் உட்காரலாம். ஆப்பிரிக்கக் காலனியச் சுரண்டலில் பங்கிருந்த ஒருவரின் பெயரை எடுத்துவிட்டு, 2010-இல் கறுப்பின ஜெர்மன் கவிஞரின் பெயரை வைத்தார்கள். பக்கத்தில் குவ்ரிஸ்ட்ராசே. அங்கே இரண்டு பெரிய சுவர்களில் இத்தாலிய ஓவியர் ப்ளூ வரைந்த ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றிருந்தன. அந்தக் காட்சியைக் காட்டி வீடு விற்கப் போகிறார்கள் என்று 2014 டிசம்பரில் அவர் சம்மதத்தோடேயே கறுப்பு மை பூசி அழித்துவிட்டார்கள். இப்போது அந்த மனையில் அலுவலகக் கட்டடம். வாடகை ஏறியதற்கு நல்ல சம்பளத்தோடு வந்திறங்கும் நம்மைப் போன்றவர்களும் ஒரு காரணம் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. சுவரில் கோபமான வாசகம் கண்டால் அந்தக் கதை தெரிந்து படியுங்கள்.

மறுநாள் கோயிலுக்குப் போக நினைத்தால் மேரிங்டாமிலேயே யூ7 ஏறி ப்ளாஷ்கோ அலே நிலையத்தில் இறங்குங்கள். இலங்கைத் தமிழர்கள் எழுப்பி 2013-இல் குடமுழுக்கு நடத்திய மயூரபதி முருகன் கோயில் அங்கே இருக்கிறது. 1980-களில் அவர்களில் பலர் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராசே நிலையம் வழியாக மேற்கே வந்தவர்கள். நமக்கு முன் இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அவர்கள்தான்.

இரண்டு விசேஷ நாட்கள்

பெந்தகொஸ்தே வார இறுதியில் 1996 முதல் நடக்கும் கார்னவால் டெர் குல்டூரன் என்ற பண்பாட்டுத் திருவிழாவில் தெருவெல்லாம் சாப்பாடும் இசையும். ஊர்வலப் பாதை மாறியிருக்கிறது, அந்த ஆண்டின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மே 1 வேறு ரகம். 1987-இல் அன்றிரவு கலவரம் வெடித்து, கோர்லிட்சர் பான்ஹோஃப் நிலையத்தின் எதிரே இருந்த போல்லே சூப்பர் மார்க்கெட் எரிந்து சாம்பலானது. அந்த மனையில் இன்று பள்ளிவாசல் இருக்கிறது. இப்போதெல்லாம் பகலில் திருவிழா மாதிரி கூட்டம், சாயங்காலம் ஊர்வலமும் போலீஸ் படையும். பகலில் போங்கள், கண்ணாடிப் பாட்டில் கொண்டுபோகாதீர்கள், ஆறு மணிக்குள் வெளியேறுங்கள். கூட்டம் மிஞ்சினால் கொட்டியிலும் கோர்லிட்சர் பான்ஹோஃபிலும் ரயில் நிற்காமல் போகும், அப்போது மோரிட்ஸ்ப்ளாட்ஸ் வரை நடந்து யூ8 பிடியுங்கள்.